குளிர்கடலில் டிஜி-7: கண்ட உயிரைப் பெயர் சொல்லி அறிய ஒரு கேமரா

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கிறது சேலிஷ் கடல். இருபது மீட்டர் ஆழத்தில் அதன் நீர் கோடையிலும் பத்துப் பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரில்தான் உயிர்கள் குவிந்து கிடக்கின்றன. ஓத நீரோட்டங்கள் அடியாழத்துச் சத்தை மேலே கிளறிவிடுவதால் பாறைச்சுவரில் விரலூன்ற வெற்றிடம் இருக்காது. ஒரு மீட்டர் உயரம் வரை வளரும் வெள்ளைக் கடல் சாமந்திகள், கடற்பஞ்சுகள், கொட்டலசுகள், அவற்றின் மேல் ஊர்ந்து திரியும் ஓடில்லாத கடல் நத்தைகள் என்று அடுக்கடுக்காக வாழ்கின்றன. பசிபிக்கின் ராட்சத ஆக்டோபஸும் இங்கேதான் பாறைப் பொந்துகளில் குடியிருக்கிறது. முக்குளித்துக் கரையேறியவர் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "நான் பார்த்தது எது?"

அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் கருவியாகவே ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் டஃப் டிஜி-7 கேமராவை இங்கே மதிப்பிடுகிறேன். பிடி-059 ஹவுசிங் என்னும் நீர்புகாக் கூடு, ஸ்ட்ரோப் என்னும் நீரடி ஃபிளாஷ், ஒரு சிறு ஃபோகஸ் விளக்கு ஆகியவற்றைப் பூட்டி, வான்கூவர் தீவின் நனைமோ கரையோரத்தில் பயன்படுத்தினேன். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றி அடையாளம் தேடினேன். படம் அழகாக வருகிறதா என்பது என் இரண்டாவது கேள்வி. அந்த உயிரின் பெயரைத் துணிந்து சொல்லப் போதுமான சான்று படத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

கருவியில் என்ன இருக்கிறது?

டிஜி-7 சந்தைக்கு வந்தது 2023இல். அறிமுக விலை சுமார் 550 அமெரிக்க டாலர். ஒலிம்பஸ் நிறுவனத்தின் கேமராப் பிரிவு 2021இல் கைமாறியபின் டிஜி வரிசையில் வந்த முதல் கேமரா இது. 12 மெகாபிக்சல் சென்சார், 35 மி.மீ. கணக்கில் 25 முதல் 100 மி.மீ. வரை செல்லும் ஜூம், விரிகோணத்தில் எஃப் 2 துளை, ரா கோப்பு வசதி ஆகியவை முக்கியமானவை. 2019இல் வந்த டிஜி-6க்கும் இதற்கும் படத்தின் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. யுஎஸ்பி-சி இணைப்பு வந்திருக்கிறது, பிடிமானம் மேம்பட்டிருக்கிறது. ஹவுசிங் இரண்டுக்கும் ஒன்றே. டிஜி-6 வைத்திருப்பவர் அதை மாற்றத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஸ்ட்ரோப் ஒன்று வாங்கலாம்.

ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை நீரைத் தாங்கும் கேமரா இது. ஹவுசிங்கோடு 45 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர் என்பதால் இது தாராளம். இந்த இரட்டைப் பாதுகாப்பு மிகப் பெரிய நன்மை. ஹவுசிங்கில் சிறு கசிவு ஏற்பட்டாலும் கேமரா உடனே சாகாது. மேலேறி வர அவகாசம் கிடைக்கும்.

குளிரில் கையாளும் விதம்

வெதுவெதுப்பான கடலில் எழுதப்படும் கேமரா விமர்சனங்கள் இங்கே பாதிதான் உதவும். குளிர்கடலில் உடலுக்கு ட்ரை சூட்டும் கைக்குத் தடித்த கையுறையும் வேண்டும். கையுறைக்குள் விரல் நுனியின் உணர்வு மங்கிவிடும். பிடி-059இன் ஷட்டர் நெம்புகோலும் ஜூமும் கையுறைக்கு இணங்குகின்றன. பின்பக்கத்துச் சிறு பொத்தான்கள் அப்படியல்ல. கட்டைவிரல் ஒன்றை அழுத்தப் போய் அடுத்ததையும் சேர்த்து அழுத்தும். ஆகவே நீருக்குள் மெனுவுக்குள் நுழையும் தேவையே இல்லாதபடி எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிடுவது நல்லது. டயலில் உள்ள தனி அமைப்புகளில் ஒன்றை நெருக்கப் படத்துக்கும் மற்றொன்றை மீனுக்கும் ஒதுக்கினேன். அதன்பின் நீருக்குள் டயலைத் திருப்பினால் போதும்.

லித்தியம் பேட்டரிகள் குளிரில் வழக்கமான அளவுக்கு உழைக்காது. நிறுவனம் சொல்லும் 330 படங்கள் என்ற கணக்கு அறை வெப்பத்துக்கு உரியது. இரண்டாவது முக்குளிப்புக்கு மாற்று பேட்டரி வைத்திருப்பது அவசியம்.

கண்ணாடியில் பனி படிவது அடுத்த சிக்கல். படகின் சூடான அறைக்குள் ஹவுசிங்கை மூடினால், உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குளிர்நீர் பட்டதும் முன்கண்ணாடியில் துளித்துளியாகப் படியும். வெளியே, உலர்ந்த குளிர்காற்றில் மூடுவதும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதும் இதைத் தடுக்கும். ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் முக்கியம். ட்ரை சூட்டுக்குள் அணியும் கம்பளி ஆடையின் ஒரு இழை அதன்மேல் கிடந்தாலே நீர் உள்ளே வரும். மணலைத் தேடும் கண்ணுக்கு இந்த இழை தப்பிவிடும்.

நுண்நோக்கி முறை

டிஜி வரிசையைக் குளிர்கடல் முக்குளிப்பாளர்கள் விரும்புவதற்கு முதல் காரணம் அதன் மைக்ரோஸ்கோப் முறை. லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தொலைவு முதல் 30 செ.மீ. வரை, ஜூமின் எந்த நிலையிலும் ஃபோகஸ் செய்யும். கூடுதல் மேக்ரோ லென்ஸ் மாட்டாமலே அரிசிமணி அளவு உயிரைத் திரை நிறையக் காட்டும்.

சேலிஷ் கடலுக்கு இது ஏன் பொருந்துகிறது? இங்கே வசந்தத்திலும் கோடையிலும் பிளாங்டன் பெருகி நீர் பச்சையாகக் கலங்கிவிடும், மாரியில்தான் தெளியும். நீர் தெளிவாக இருந்தாலும் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடும். உயிருக்கும் லென்ஸுக்கும் இடையே எவ்வளவு நீர் குறைகிறதோ அவ்வளவு தெளிவு, அவ்வளவு நிறம். அருகே போக முடிகிற கேமராவுக்கே இங்கே வெற்றி.

ஆனால் ஒரு செ.மீ. வரை நெருங்குவது நடைமுறையில் நல்லதல்ல. ஹவுசிங்கின் நிழல் உயிரின் மேல் விழும். ஸ்ட்ரோப் ஒளி உள்ளே நுழையாது. கொட்டலசு தன் இறகுக் கைகளை இழுத்துக்கொள்ளும். ஜூமை முழுக்க நீட்டி, நாலைந்து செ.மீ. தள்ளி நிற்பதே சரி.

துளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விரிகோணத்தில் எஃப் 8 என்று காட்டும் நிலை, துளையை உண்மையில் சுருக்குவதில்லை; ஒளியைக் குறைக்கும் வடிகட்டியை உள்ளே இறக்குகிறது. வெளிச்சம் குறையுமே தவிர, ஃபோகஸின் ஆழம் கூடாது. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் வசதி கரையில் பூச்சிகளுக்கு அருமை. நீரோட்டத்தில் ஆடும் உயிருக்கு அரிதாகவே கைகொடுக்கும்.

கேமராவில் முழுக் கைமுறைக் கட்டுப்பாடு இல்லாததும் உறுத்துகிறது. வெண்மையான உடல்களில் சிறு சென்சார் விரைவில் விவரத்தை எரித்துவிடும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து, ரா கோப்பில் எடுப்பதே வழி. ஸ்ட்ரோப்பைக் கேமராவுக்குப் பக்கவாட்டில் தள்ளி, சற்றே வெளிநோக்கித் திருப்பி வைத்தால் மிதக்கும் துகள்கள் பனிமழையாகப் படத்தில் விழுவதும் குறையும்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை, கடல் எலுமிச்சை என்று அழைக்கப்படும் மஞ்சள் கடல் நத்தை. உண்மையில் அங்கே ஒத்த தோற்றமுள்ள இரண்டு இனங்கள் உண்டு: பெல்டோடோரிஸ் நோபிலிஸ், டோரிஸ் மான்டெரேயென்சிஸ். இரண்டிலும் மஞ்சள் முதுகில் கரும்புள்ளிகள். நோபிலிஸில் கருமை முதுகின் சிறு முண்டுகளுக்கு இடையில் மட்டும் தங்கும்; மான்டெரேயென்சிஸில் முண்டுகளின் நுனியிலும் ஏறும். நோபிலிஸின் செவுள் வளையம் வெள்ளை. மற்றதன் செவுள் உடலைப் போலவே மஞ்சள். மைக்ரோஸ்கோப் முறையில் முண்டுகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. இதில் கேமராவுக்கு முழு மதிப்பெண். நத்தை கலவரப்பட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் முதல் படமே செவுளுக்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, ஹெர்மிஸெண்டா என்னும் கடல் நத்தை. ஆரஞ்சுக் கோடும் நீலக் கோடும் ஓடும், முதுகில் விரல் விரலாகச் செராட்டாக்கள் நீட்டிய பேரழகு. நெடுங்காலம் ஒரே இனமாக எண்ணப்பட்டதை 2016இல் லின்ட்ஸே, வால்டேஸ் என்னும் ஆய்வாளர்கள் மரபணுச் சான்றோடு மூன்றாகப் பிரித்தார்கள். அவற்றுள் எமுராய் பசிபிக்கின் ஆசியப் பக்கத்துக்கு உரியது. அமெரிக்கப் பக்கத்து இரண்டில், கிராஸிகார்னிஸின் செராட்டாக்களில் வெள்ளைக் கோடு உண்டு. தெற்கே மிகுதியாக வாழும் ஒபலெஸென்ஸில் இல்லை. தலைமயிர் அளவுக் கோடு அது. ஸ்ட்ரோப்பின் வலு அதிகமானால் படத்தில் அந்தக் கோடு வெளிச்சத்தில் கரைந்து, ஓர் இனம் மற்றோர் இனமாகிவிடும். வலுவைக் குறைத்து எடுத்த படங்களில் கோடு தெளிவாக நின்றது.

மூன்றாவது, காப்பர் ராக்ஃபிஷ். பழுப்பு, ஆரஞ்சு, கருமை என்று நிறம் ஆளுக்கு ஆள் மாறும் மீன். நிறத்தை நம்பினால் ஏமாற்றமே. பக்கவாட்டுக் கோட்டின் பின்பகுதியை ஒட்டி ஓடும் வெளிறிய பட்டைதான் அதன் அடையாளம். அதற்கு முழு உடலும் பக்கவாட்டில் தெரிய வேண்டும். இங்கே டிஜி-7 திணறுகிறது. இருண்ட நீரில் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மீனில் சிறு சென்சார் புள்ளிபுள்ளியாக இரைச்சலைக் காட்டுகிறது, ஃபோகஸும் தாமதிக்கிறது. ஃபோகஸ் விளக்கு இருந்தால் நிலைமை தேறும். அடையாளத்துக்குப் போதும், சுவரில் மாட்டப் போதாது.

கடல் சாமந்திகளைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலோர் மேலிருந்து மலர்ந்த கைகளை மட்டுமே எடுக்கிறார்கள். உர்டிசினா வகைகளைப் பிரித்தறிய உதவுவது தண்டு: அது வழுவழுப்பா, முண்டு முண்டானதா, மணலும் ஓட்டுத்துண்டும் ஒட்டியிருக்கிறதா என்பது. தாழ்ந்து சென்று பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால்தான் அது தெரியும். கடற்பஞ்சுகளில் பலவற்றை எந்தக் கேமராவாலும் உறுதிசெய்ய முடியாது. அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்முட்களை ஆய்வகத்தில் பார்த்தே இனம் சொல்கிறார்கள்.

செயலியின் பங்கு

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. 2023 முதல் தனி அறநிறுவனம். படத்தை ஏற்றியதும், படத்தையும் இடத்தையும் வைத்துக் கணினி சில பெயர்களை முன்வைக்கும். பெரிய, வெளிப்படையான உயிர்களில் அதன் கணிப்பு வியக்க வைக்கிறது. மேலே சொன்ன மஞ்சள் நத்தைகளைப் போன்ற இரட்டையர்களில் பட்டியலின் முதல் பெயரை அப்படியே ஏற்பது ஆபத்து. உறுதியில்லாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

செயலியின் உண்மையான வலிமை அதிலுள்ள மனிதர்கள். கடல் நத்தைகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் முகமறியாதவரின் படத்தைப் பார்த்து, "செவுளின் நிறத்தைப் பாருங்கள்" என்று எழுதுகிறார்கள். அடையாளம் காண்போரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். திறந்த உரிமம் கொடுத்திருந்தால் ஜிபிஃப் என்னும் உலகத் தரவுக் களஞ்சியத்துக்கும் செல்லும்.

பதிவுக்கு இடமும் நேரமும் வேண்டும். டிஜி-7இல் ஜிபிஎஸ் உண்டு, ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞை நீருக்குள் எட்டாது. இறங்குமுன் மேற்பரப்பில் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேமராவின் அழுத்தமானியும் ஹவுசிங்குக்குள் அடைபட்டபின் ஆழத்தை அறியாது. கேமராவின் கடிகாரத்தையும் முக்குளிப்புக் கணினியின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்தால், ஒவ்வொரு படத்துக்கும் ஆழத்தைப் பிறகு பொருத்தலாம். ஒரே உயிரின் எல்லாக் கோணங்களையும் ஒரே பதிவில் சேர்ப்பதும் முக்கியம். தனித்தனியாக ஏற்றினால் சான்று சிதறிவிடும்.

இந்த உழைப்பு எதற்கு?

2013இல் நட்சத்திர மீன்களைத் தாக்கிய உருக்கி நோய், இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் அகலம் வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றை அழித்தது. 2020இல் அந்த மீன் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. நோய்க்குக் காரணமான விப்ரியோ பாக்டீரியா 2025இல்தான் அடையாளம் காணப்பட்டது. அந்த அழிவின் அளவை 2019இல் அறிவியலாளர்கள் வரைந்து காட்டியபோது, அவர்களுக்குக் கைகொடுத்த சான்றுகளில் ரீஃப் அமைப்பின் முக்குளிப்புத் தன்னார்வலர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் அடங்கும். வழக்கமாக முக்குளிக்கும் இடத்தில் எது இருந்தது, எது இல்லாமல் போனது என்று பெயர் சொல்லி எழுதியவர்களால்தான் அது முடிந்தது. இன்று ஒரு சிறு சூரியகாந்தி நட்சத்திர மீனின் தெளிவான படம், அந்த இனம் மீள்கிறதா என்று காத்திருப்பவர்களுக்குப் பெருஞ்செய்தி.

யாருக்கு இது?

விரிகோணத்தில் பாறைச்சுவர்களையும் கடல்சிங்கங்களையும் படமெடுக்க விரும்புபவர் பெரிய சென்சார் கேமராவுக்குப் போகட்டும். சிறு உயிர்களை நெருங்கிப் பார்த்து, அவற்றின் பெயரை அறிய விரும்புபவருக்கு இந்த விலையில் டிஜி-7ஐ முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். சிறு பொத்தான்கள், கைமுறைக் கட்டுப்பாடு இல்லாமை, தொலைவில் தடுமாற்றம் ஆகிய குறைகளைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். ஹவுசிங்கும் ஸ்ட்ரோப்பும் சேரும்போது செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில், எதையும் தொடாமல், எதன்மேலும் சாயாமல் நீரில் அசையாது மிதக்கப் பழகுங்கள். தடித்த கையுறைக்குள் இருக்கும் கைக்குத் தான் நசுக்குவது தெரியாது. நூறாண்டு வளர்ந்த பாறைச்சுவரைவிட எந்தப் படமும் பெரிதல்ல. அந்தப் பழக்கம் கைவந்தபின் கேமராவும் ஹவுசிங்கும் விளக்கும் வாங்குங்கள். ஸ்ட்ரோப் கடைசியில் வந்தால் போதும்.