லாமா இறைச்சி: கொழுப்பு குறைவு என்பது மட்டும் போதுமா?

பொலிவியாவின் ஓரூரோ நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் சார்க்கேக்கான் பிரபலம். உப்பிட்டு உலர்த்திய லாமா இறைச்சியைத் தட்டி, நார் நாராகப் பிரித்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, அவித்த வெள்ளைச் சோளத்தின் மேல் குவித்துத் தருவார்கள். பக்கத்தில் தோலோடு வெந்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, ஒரு துண்டு பாலாடைக்கட்டி. தொட்டுக்கொள்ள, லொக்கோட்டோ மிளகாயையும் தக்காளியையும் கல்லில் வைத்து அரைத்த யஹ்வா. 3,700 மீட்டர் உயரத்தில், எலும்பைத் துளைக்கும் குளிரில் இதைச் சாப்பிடுகிறவர்கள் கொலஸ்ட்ரால் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் இதே இறைச்சி ஆண்டிஸ் மலையை விட்டு இறங்கியதும் ‘கொழுப்பு குறைந்த ஆரோக்கியப் புரதம்’ என்ற புது முகவரியோடு வலம் வருகிறது. உணவகப் பட்டியலிலும் உடற்பயிற்சி ஆர்வலர்களின் பரிந்துரையிலும் அதற்கு இப்போது அந்த அடையாளம்தான். ஐக்கிய நாடுகள் அவை 2024ஐ ஒட்டக இன விலங்குகளின் ஆண்டாக அறிவித்ததும் இந்தப் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு தந்தது. புது முகவரி பொய்யல்ல. லாமா இறைச்சிக்காகச் சொல்லக்கூடிய நியாயங்களிலேயே பலவீனமானது அது என்பதுதான் சிக்கல்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். கொழுப்பு நீக்கிய லாமா இறைச்சியில் 100 கிராமுக்கு 20 முதல் 23 கிராம் வரை புரதம் இருக்கிறது. கொழுப்பு பெரும்பாலும் 4 கிராமைத் தாண்டுவதில்லை. தொடை, முதுகுத் தசைகளில் அதைவிட மிகக் குறைவாகவும் அளந்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரால் 50 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. கொழுப்பு வரி வரியாக ஓடும் மாட்டுத்துண்டோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். விளம்பரங்கள் எப்போதும் அந்த மாட்டுத்துண்டையே எதிரில் நிறுத்துவது தற்செயல் அல்ல. எதிரில் வெள்ளாட்டுக் கறியை வைத்துப் பாருங்கள்: 100 கிராமில் புரதம் 20 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு இரண்டு கிராம் சொச்சம். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் ஏறக்குறைய அதே கணக்குதான். லாமாவிடம் உள்ள கொஞ்சநஞ்சக் கொழுப்பும் தனிச் சிறப்பு வாய்ந்ததில்லை; அதில் ஏறக்குறைய பாதி, மற்ற மேய்ச்சல் விலங்குகளிடம் இருப்பது போலவே நிறைவுற்ற கொழுப்பு. ஆக, அளவு குறைவு என்பதே அனுகூலம். வகை ஒன்றும் புதிதில்லை. கோழியை விட இரும்புச் சத்து கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது சிவப்பு இறைச்சி அனைத்துக்கும் பொதுவான குணம். மேலும், அந்த ஊர் மக்கள் லாமாவைச் சாப்பிடும் முக்கிய வடிவங்களில் ஒன்று சார்க்கி, அதாவது நம் உப்புக்கண்டத்தின் ஆண்டிஸ் உறவு. உப்பை அள்ளிப் போட்டு உலர்த்தி, பிறகு எண்ணெயில் பொரித்த ஓர் உணவைப் பச்சை இறைச்சியின் அட்டவணையைக் காட்டி இதயத்துக்கு நல்லது என்று விற்பது நேர்மையான காரியம் இல்லை.

லாமாவின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. உலகிலுள்ள லாமாக்களில் பாதிக்கும் மேல் பொலிவியாவில் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓரூரோ, பொடோசி, லா பாஸ் மாநிலங்களின் உயர்பீடபூமியில். 4,000 மீட்டர் உயரத்தில், ஆண்டில் பாதி நாள் இரவுப் பனி விழும் அந்த மண்ணில் பயிர் என்று சொல்ல உருளைக்கிழங்கும் கீன்வாவும் இன்னும் சிலவும்தான் தேறும். மிச்சமெல்லாம் இச்சு என்கிற முரட்டுப் புல். மனிதனுக்கு உதவாத, மாடு முகம் சுளிக்கிற அந்தப் புல்லைப் புரதமாக மாற்ற லாமாவுக்குத் தெரியும். மூன்று அறை கொண்ட வயிற்றில் நார்ச்சத்தை நீண்ட நேரம் நிறுத்திச் செரிக்கிறது. பிளவுபட்ட மேலுதட்டால் புல்லைப் பற்றி நுனியைக் கடித்தெடுக்கிறது, வேரோடு பிடுங்குவதில்லை. குளம்புக்குப் பதிலாக மெத்தென்ற பாதம் என்பதால் ஈரப் புல்வெளி நசுங்குவதும் குறைவு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த ஆடும் மாடும் அதே நிலத்தில் என்ன செய்கின்றன என்பதோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை புரியும். பசும்புல் செழித்த சமவெளியில் லாமா வளர்ப்பது வெறும் ஆர்வக்கோளாறு. மரமில்லாத அந்தப் பீடபூமியிலோ அதைவிடப் பொருத்தமான கால்நடையைக் கண்டுபிடிப்பது கடினம்.

சுற்றுச்சூழல் பேச்சிலும் ஒரு கவனம் தேவை. லாமா மீத்தேனே விடாது என்பதுபோல் சிலர் எழுதுகிறார்கள். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒட்டக இன விலங்குகளை அளந்து பார்த்ததில், செரிக்கும் நாரின் அளவுக்கு அவை விடும் மீத்தேன் மாடு, ஆடு போன்றவை விடுவதற்குச் சமமாகவே இருந்தது. அவற்றின் உடல் இயக்கம் மெதுவானது, உண்பது குறைவு, அதனால் மொத்த வெளியீடும் குறைவு. மெதுவாக இயங்கும் உடல் மெதுவாகத்தான் கறி போடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேமிப்பு முறையும் அந்த நிலத்தின் கொடைதான். மே முதல் ஆகஸ்டு வரையிலான வறண்ட குளிர்காலத்தில் பகலில் சுடும் வெயில், இரவில் உறைபனி. இறைச்சியை மெல்லிய தகடாக அரிந்து உப்புத் தடவி வெளியே விட்டால் இரண்டும் மாறி மாறி ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. இதே முறையில் உருளைக்கிழங்கு சுன்யோவாக மாறுகிறது. குளிர்பதனப் பெட்டியும் மின்சாரமும் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாத புரதமும் மாவுச்சத்தும் கைவசம். இன்காக்களின் களஞ்சியங்களில் சார்க்கி அடுக்கப்பட்டிருந்ததும் படைகள் அதைத் தின்று மலைப்பாதைகளில் நடந்ததும் இந்த நுட்பத்தால்தான். ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த விலங்கைப் பழக்கியவர்களின் கண்டுபிடிப்பு அது.

இவ்வளவு பெருமை கொண்ட இறைச்சி ஏன் இழிவாகப் பார்க்கப்பட்டது? 1532இல் ஸ்பானியர்கள் நுழைந்தார்கள். போரும் கட்டுப்பாடற்ற வெட்டும் 1540களில் பரவிய சொறிநோயும் மந்தைகளைச் சூறையாடின. நல்ல புல்வெளிகளில் ஆடு மாடுகள் புகுந்தன. லாமாவும் அதை வளர்த்தவர்களும் மேட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். அதன்பின் நகரத்து வசதிக்காரர்களுக்கு அது ‘இந்தியர்கள்’, அதாவது ஆண்டிஸ் பழங்குடிகள், தின்கிற இறைச்சி ஆனது. பல தலைமுறைகள் நீடித்த அந்த ஏளனத்தை உடைக்க ஊட்டச்சத்து அட்டவணை உதவுமென்றால் உதவட்டுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அர்ஜென்டினாவின் ஹுஹூய் மாநிலத்தில் லாமா குழம்பும் வறுவலும் இன்று சுற்றுலாப் பயணிகள் விரும்பிக் கேட்கிற உணவாகியிருக்கின்றன. சாதி, இனம் சார்ந்த அருவருப்பை விட ‘ஆரோக்கியம்’ என்ற மோகம் எவ்வளவோ மேல்.

ஆனால் மோகத்துக்கு ஒரு முன்னுதாரணம் பக்கத்து வயலிலேயே இருக்கிறது. கீன்வாவும் ஒரு காலத்தில் ஏழை இந்தியர்களின் தானியம் என்று ஒதுக்கப்பட்டதுதான். வெளிநாட்டுக் கிராக்கியில் விலை ஏற, 2013இல் ஐ.நா. அதற்கும் ஓர் ஆண்டை ஒதுக்கியது. உயுனி உப்புப் பாலைவனத்தைச் சுற்றிய தென் பீடபூமியில் லாமா மேய்ந்த சமதளங்களை டிராக்டர்கள் உழுது கீன்வா விதைத்தன. மேய்ச்சல் சுருங்க, மந்தைகளும் குறைந்தன. மந்தை குறைய, வயலுக்குப் போகும் எருவும் குறைந்தது. மேல்மண் திறந்து கிடக்க, காற்று அள்ளிக்கொண்டு போனது. 2014க்குப் பிறகு விலை சரிந்தபோது உழுத நிலம் உடனே புல்வெளியாகத் திரும்பிவிடவில்லை. விலை ஏறினால் மேய்ப்பருக்கு லாபம்தானே என்ற வாதம் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறது. லாமாவின் விஷயத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். அதன் கர்ப்பகாலம் 11 மாதங்களுக்கு மேல். ஈற்றுக்கு ஒரே குட்டி. இரட்டை மிக அபூர்வம். கோழிப்பண்ணை மாதிரி ஆறு வாரத்தில் உற்பத்தியைக் கூட்ட முடியாது. திடீர்க் கிராக்கி வந்தால் ஒன்று பெட்டைகளையும் வெட்டி மந்தையை அழிக்க வேண்டும், அல்லது புல் தாங்காத அளவுக்கு மந்தையைப் பெருக்க வேண்டும்.

அடுத்த குறை சமையலறைக்குள் இருக்கிறது. விளம்பரங்கள் இதைத் தொடுவதே இல்லை. லாமாவின் தசையை அரிந்தால் சில சமயம் வெள்ளை வெள்ளையாக அரிசி மணிகள் பதித்ததுபோல் தெரியும். ஊரில் அதை ‘அர்ரோசீயோ’, சிற்றரிசி என்றே சொல்கிறார்கள். சார்கோசிஸ்டிஸ் ஆச்சேனியே என்ற ஒட்டுண்ணியின் கட்டிகள் அவை. மந்தையைக் காக்கிற நாய்க்குப் பச்சை இறைச்சிக் கழிவைப் போடுகிறார்கள். நாயின் குடலில் ஒட்டுண்ணி முதிர்ந்து மலத்தோடு புல்லில் விழுகிறது. அந்தப் புல்லை லாமா மேய்கிறது. வயது ஏற ஏறக் கட்டிகளும் கூடும். மூட்டை சுமந்து ஓய்ந்த கிழட்டு விலங்கையே கறிக்கு அனுப்பும் பழைய வழக்கம் இந்தத் தொல்லையைப் பெருக்கியது. கறியும் தோல் மாதிரி விறைப்பாக இருந்தது.

நன்றாக வேகவைத்தாலோ போதுமான நாட்கள் உறைய வைத்தாலோ ஒட்டுண்ணி செத்துவிடும், பிறகு எதற்குக் கவலை என்று கேட்கலாம். சரிதான். ஆனால் வேகாத இறைச்சி வயிற்றுப் போக்கும் வலியும் தரும் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். இங்கேதான் ‘கொழுப்பற்றது’ என்ற பெருமை தன் காலிலேயே இடறுகிறது. கொழுப்பில்லாத துண்டை முழுக்க வேகவிட்டால் சாறு வற்றிச் சக்கையாகிவிடும். அதனால் பெரிய உணவகங்கள் நடுவில் சிவப்பு தெரிய இறக்குகின்றன, இன்னும் துணிந்தவை கார்பாச்சோ என்று பச்சையாகவே சீவிப் பரிமாறுகின்றன. பரிசோதித்து உறைய வைத்த இறைச்சி என்றால் பிழையில்லை. வீட்டு முற்றத்தில் அறுத்துச் சந்தைக்கு வந்த இறைச்சியில் அந்த விளையாட்டு வேண்டாம். மெல்லிய தீயில் நெடுநேரம் கொதிக்கும் குழம்பே இந்தக் கறிக்கு ஏற்றது. பீடபூமியின் பாட்டிமார்கள் அதைத்தான் செய்கிறார்கள். மேய்ப்பருக்கோ நட்டம் வேறு வகையில்: கட்டி தெரிந்த உடலுக்கு வியாபாரி விலையை அடிமட்டத்துக்குக் குறைக்கிறான், அல்லது ஒதுக்கிவிடுகிறான்.

இதற்குத் தீர்வு ஒன்றும் விண்வெளி ஆராய்ச்சி இல்லை. நாய்க்குக் கழிவை வேகவைத்துப் போடுவது, இரண்டு மூன்று வயதிலேயே கறிக்கு அனுப்புவது, எட்டும் தூரத்தில் பரிசோதனை உள்ள அறுப்புக்கூடம் அமைப்பது. முதலாவது எரிபொருள் இல்லாத ஊரில் சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இரண்டாவது, மந்தையைச் சேமிப்புக் கணக்காக வைத்து அவசரத்துக்கு ஒன்றிரண்டாக விற்கும் குடும்பத்தின் பொருளாதாரத்தோடு முட்டும். மூன்றாவது அரசின் வேலை. மரக்கன்று நடுகிற மாதிரி ஒருநாள் விழாவில் முடிகிற காரியங்கள் இல்லை என்பதால்தான் இவை பின்னுக்குப் போய், ‘கொலஸ்ட்ரால் குறைவு’ முன்னுக்கு வருகிறது.

யார் சாப்பிட வேண்டும் என்பதுதான் கடைசிக் கேள்வி. பெருவின் புனோ மாநிலம் லாமாவின் உறவான அல்பாக்காக்களை அந்த நாட்டிலேயே அதிகம் வளர்க்கும் இடம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இரத்தசோகை அந்த நாட்டில் மிக அதிகமாகப் பதிவாவதும் அங்கேதான். பத்தில் ஆறு குழந்தைகளுக்கு மேல். உயரமான ஊர்களில் ஹீமோகுளோபின் அளவை எப்படித் திருத்திக் கணக்கிடுவது என்பதில் மருத்துவர்களிடையே தகராறு உண்டு, சோகைக்குக் காரணங்களும் பல. அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் உறுத்தல் போகவில்லை: இரும்புச்சத்துள்ள இறைச்சி நடமாடும் ஊரில் குழந்தையின் தட்டுக்கு அது போதிய அளவு வருவதில்லை. லாமா இறைச்சியைப் பரப்ப நினைக்கும் அரசுகளும் அமைப்புகளும் செலவிட வேண்டிய இடம் அந்தத் தட்டுதான். புனோவிலும், பொலிவியாவின் ஓரூரோவிலும் எல் ஆல்டோவிலும் பள்ளிச் சாப்பாட்டுக்குப் பரிசோதித்த இளம் இறைச்சியை நியாய விலையில் வாங்கினால் மேய்ப்பருக்கு நிலையான வரும்படி கிடைக்கும், மந்தையும் புல்லின் அளவை மீற வேண்டியிருக்காது. தொலைவில் இருப்பவர்கள் ஆண்டிஸ் பக்கம் போக வாய்த்தால் லாமா குழம்பைத் தயங்காமல் கேட்டுச் சாப்பிடலாம், நன்றாக வெந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. உடம்பு இளைப்பதற்காக அதை இறக்குமதி செய்து தின்ன வேண்டியதில்லை. அதற்குக் கோழியின் நெஞ்சுக்கறியே போதும்.