அடிக்கோட்டில் மிஞ்சிய மொழிகள்

மார்க்டவுன் என்ற எளிய குறிமொழியில் தலைப்பு எழுத இரண்டு வழிகள் உண்டு. வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி இடலாம். அல்லது தலைப்புக்கு அடியில் சமக்குறிகளை வரிசையாக அடித்துக் கோடு கிழிக்கலாம். காமன்மார்க் விதித்தொகுப்பு முதலாவதை ‘ஏடிஎக்ஸ் தலைப்பு’ என்றும் இரண்டாவதை ‘செட்டெக்ஸ்ட் தலைப்பு’ என்றும் அழைக்கிறது. இவை இரண்டும் ஒரு காலத்தில் தனித்தனிக் குறிமொழிகளாக இருந்தவை. இன்று அவற்றில் எழுதுவோர் அநேகமாக இல்லை. பெயர் மட்டும் தலைப்பு விதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2004இல் மார்க்டவுனை வெளியிட்ட ஜான் க்ரூபர் தன் கடனை மறைக்கவில்லை. தனக்கு முந்திய ஆறு குறிமொழிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்: செட்டெக்ஸ்ட், ஏடிஎக்ஸ், டெக்ஸ்டைல், ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட், க்ரூட்டாடெக்ஸ்ட், ஈடிடெக்ஸ்ட். கடைசி இரண்டையும் அந்தப் பட்டியலுக்கு வெளியே காண்பதே அரிது.

இந்தக் குடும்பத்தின் மூதாதை என்று ரன்ஆஃபைச் சொல்லலாம். 1964இல் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் எழுதியது. புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை, மற்றதெல்லாம் உரை. யூனிக்ஸின் கையேட்டுப் பக்கங்களில் அதன் வாரிசுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் ரன்ஆஃப் கோப்பு அச்சுக்குப் போவதற்காக எழுதப்பட்டது. அதை அப்படியே உட்கார்ந்து படிப்பதற்காக அல்ல. எழுதிய கோப்பே படிக்கும் பக்கமாகவும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தெளிவான வடிவம் தந்தது, என் பார்வையில், செட்டெக்ஸ்ட்தான்.

அது பிறந்த கதை சுவையானது. ஆதாம் எங்ஸ்ட், டோன்யா எங்ஸ்ட் இருவரும் 1990இல் தொடங்கிய ‘டிட்பிட்ஸ்’ மின்னிதழ் முதலில் ஹைபர்கார்டு அடுக்காக வெளிவந்தது. மேக்கின்டாஷ் இல்லாதவரால் அதைத் திறக்க முடியாது. 1992 ஜனவரியில் இதழ், இயன் ஃபெல்ட்மன் வகுத்த செட்டெக்ஸ்டுக்கு மாறியது. அதன் தோற்றம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

இந்த வாரச் செய்தி
==================

  உரையின் ஒவ்வொரு வரியும் இரண்டு
  இடம் தள்ளித் தொடங்கும். அழுத்த
  வேண்டிய சொல் **இப்படி** நிற்கும்.

தட்டச்சு இயந்திரத்தில் கடிதம் அடித்தவர்கள் தலைப்புக்குக் கீழே கோடு போட்ட அதே பழக்கம்தான் இது. குறியைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இருந்தால் பக்கம் அழகாகத் தெரியும். இல்லாவிட்டாலும் வாசகருக்கு நட்டமில்லை.

ஜோப் என்ற வலைமென்பொருளின் வட்டாரத்தில் ஜிம் ஃபுல்டன் 1996இல் உருவாக்கிய ஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வேறு பாதையில் போனது. எது தலைப்பு, எது அதன் உட்பகுதி என்பதை வரி எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்பதை வைத்தே தீர்மானித்தது. படிக்க இதமாக இருக்கும், எழுதத்தான் கஷ்டம். கவனமில்லாமல் தட்டிய ஓர் இடைவெளி, தனியே நிற்க வேண்டிய ஒரு பகுதியை மேலே உள்ளதன் கிளையாக்கிவிடும். டேவிட் குட்ஜர் அதைத் திருத்தி ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் செய்தபோது தலைப்புக்கு மீண்டும் அடிக்கோடு வந்தது. பைத்தானின் ஆவணங்கள் அதில்தான் எழுதப்படுகின்றன. தமிழில் எழுதுபவருக்கு அதில் ஓர் இடறல் உண்டு. கோடு, தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது என்பது விதி. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்து குறியீடு. கண்ணால் அளந்து கோடு போட்டால் கணக்கு உதைக்கும்.

2002 இந்தத் துறைக்கு விளைச்சல் மிகுந்த ஆண்டு. டீன் ஆலன் டெக்ஸ்டைலைத் தந்தார். அவருக்கு அச்சுக்கலையில் தீராத காதல்; நேர் மேற்கோள் குறிகளைச் சுருள் குறிகளாகவும் இரட்டைச் சிறுகோட்டை நீள்கோடாகவும் டெக்ஸ்டைல் தானே மாற்றிக்கொடுத்தது. இருந்தும் தலைப்புக்கு முன்னால் ‘எச்2.’ என்று எழுதச் சொன்னது பிழை என்றே நினைக்கிறேன். அது இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு. வாசகரின் கண்ணில் உறுத்தும். அதே ஆண்டில் ஏரன் ஸ்வார்ட்ஸ் ஏடிஎக்ஸை எழுதினார். ஹாஷ் குறி ஒன்றானால் பெருந்தலைப்பு, இரண்டானால் அதற்கடுத்தது. இவ்வளவு எளிய ஒன்றைச் செய்தபோது அவருக்கு வயது 15. பின்னர் க்ரூபர் மார்க்டவுனை வடிவமைத்தபோது ஆலோசனை சொல்லி உடன் நின்றவரும் அவரே. 2013இல் 26 வயதில் இறந்துபோனார். இன்று ஹாஷ் குறி தட்டி ஒரு குறிப்பைத் தொடங்கும் ஒவ்வொருவரும் அந்தச் சிறுவனின் விதியில் எழுதுகிறார்கள்.

விக்கிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே குறிமொழி என்று கிளம்பிய க்ரியோலின் முதல் பதிப்பு 2007இல் நிறைவடைந்தது. பெரிய விக்கிகள் தம் வழக்கத்தை விடவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் தடித்த எழுத்துக்கு இன்றும் மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள்தான்.

டிட்பிட்ஸின் தொடக்க கால ஹைபர்கார்டு அடுக்குகளைத் திறக்க இன்று பழைய மேக்கின்டாஷ் வேண்டும், அல்லது அதைப் போல நடிக்கும் மென்பொருள் வேண்டும். 1992இன் செட்டெக்ஸ்ட் கோப்புக்கு எதுவும் வேண்டாம். கையிலிருக்கும் கைப்பேசியில் திறந்தாலே தலைப்பும், அதன் கீழே சமக்குறிக் கோடும், இரண்டு இடம் தள்ளிய பத்தியும் வந்து நிற்கின்றன.