கூடத்தாயித் தொடரும் கொலைக்களக் காதையும்

2020 ஜனவரி 13 அன்று பிளவர்ஸ் தொலைக்காட்சியில் ‘கூடத்தாயி’ என்ற மலையாளத் தொடர் ஆரம்பமாயிற்று. பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்து நம் தமிழ்க் குடும்பங்களிலும் அதைப் பார்த்தவர்கள் உண்டு. டோளி என்ற பாத்திரத்தில் வந்தவர் முக்தா. ‘தாமிரபரணி’ படத்தில் பானு என்ற பெயரில் நடித்தவர் என்பதால் நமக்குத் தெரிந்த முகந்தான்.

மூலச் சம்பவத்தை அன்பர்கள் அறிவீர்கள். கோழிக்கோடு மாவட்டம் கூடத்தாயியில் ஒரே குடும்பத்தையும் அதன் உறவினரையும் சேர்ந்த ஆறு பேர், 2002 முதல் 2016 வரை ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அதில் ஒன்று சின்னக் குழந்தை. 2019 அக்டோபரில் கல்லறைகளைத் தோண்டினார்கள். அடுத்த நாள் அந்த வீட்டு மருமகள் கைதானார். விஷம் வைத்தார் என்பது போலீசார் குற்றச்சாட்டு. அவர் பிறந்தது இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பக்கம்.

முதல் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனது 2020 ஜனவரி 1. பன்னிரண்டே நாளில் தொடர் வந்துவிட்டது! சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கியதோ 2023-இல். பெயரை மாற்றிவிட்டோமே என்பார்கள். ஊர்ப் பெயரை அப்படியே தலைப்பில் வைத்து, ஆள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது என்ன மாற்றம்? நான் கடை வைத்திருப்பவன்; தராசில் ஏற்றாத சரக்குக்கு விலை சொல்லமாட்டேன். வழக்கின் சாட்சி ஒருவர் மனுப் போட, அதே மாதத்திலேயே கேரள உயர்நீதிமன்றம் தொடருக்கு இடைக்காலத் தடை விதித்தது.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை இந்த நேரத்தில் எடுத்துப் படித்தால் ஒன்று தெரியவரும். (இந்த வழக்கிலும் பொற்கொல்லர் ஒருவர்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது, அதை வைத்து ஒப்பிடுவது அழகல்ல. நான் சொல்வது வேறு.) கோவலனைப் பார்த்த காவலர்கள் முதலில் தயங்குகிறார்கள். இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? சாட்சியமா காட்டுகிறான்? கதை சொல்கிறான் ஐயா! கள்வர்களின் மந்திரம், மருந்து, தந்திரம் என்று வரிசையாக அடுக்குகிறான். தூதன் வேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்து, தூங்குகிற இளவரசனின் ஆரத்தைக் கழற்றியவன் கதையைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த இளங்காவலன் ஒருவனும் சும்மா இருக்கவில்லை. மழைக்கால இரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த திருடனைப் பற்றித் தன் பங்குக்கு ஒரு கதை விடுகிறான். கதை சூடுபிடித்ததும் தயக்கம் போயிற்று. குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான். கொலை நடப்பது சில அடிகளில் முடிந்துபோகிறது. இளங்கோவடிகள் அதில் ருசி காணவில்லை. அதன்பிறகு காவியம் முழுக்க விசாரணைதான். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலைக்குச் சித்திரைப் பௌர்ணமியன்று ஏறுகிற நம்மவர்கள் வணங்குவதும் விசாரிக்காத அரசனிடம் நியாயம் கேட்டவளைத்தானே.

அந்த மருமகள் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனால் கொலைகாரி யாரென்று முதல் நாளே பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்ட கதையில், உண்மையிலேயே பயங்கரமான பகுதி காணாமற் போகிறது. கணவர் 2011-இல் இறந்தபோது பிரேதப் பரிசோதனையிலேயே சயனைடு தெரிந்தது. தற்கொலை என்று கட்டிவைத்துவிட்டார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி.யில் விரிவுரையாளர் என்று பல வருஷமாக அவர் சொல்லிவந்ததையும் வீட்டார் நம்பினார்கள். அமெரிக்காவிலிருந்த கொழுந்தன் புகார் கொடுத்த பிறகுதான் இரண்டையும் துருவிப் பார்த்தார்கள். எட்டு வருஷம் கேட்காமல் விட்டதைக் காட்ட வில்லி வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். அதற்கு விளம்பரதாரர் கிடைப்பாரா என்பது வேறு விஷயம்.

2023 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட, கிறிஸ்டோ டோமி இயக்கிய ஆவணப்படம் இந்த வகையில் எவ்வளவோ மேல். அதில் நாத்தனாரும் மகனும் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள்; எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பில் மட்டும் பிளவர்ஸ்காரர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. அவர்கள் ‘கேம் ஆஃப் டெத்’ என்று துணைத்தலைப்புப் போட்டார்கள். இவர்கள் ஆறு சாவுக்கு ‘கறி அண்ட் சயனைடு’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.