கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் 36 மீட்டர்

“ஒரே மைதானம், எல்லா விளையாட்டுக்கும் ஆகும், பணமும் மிச்சம், இடமும் மிச்சம்.” விளையாட்டரங்கம் என்று பேச்சு எடுத்தாலே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வாதம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்த பிறகு அதற்கு மவுசு இன்னும் கூடியிருக்கிறது. அதிகாரிகள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பந்து விளையாடியே வளர்ந்தவர்களும் இதற்குத் தலையாட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. கால்பந்தைப் பொறுத்தவரை இது தவறான வாதம்.

நவீன அரங்க வடிவமைப்பு தந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது 16 பேர் மாண்டார்கள். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ நெரிசல் 97 உயிர்களைக் குடித்தது. ஆளுக்கொரு இருக்கையும் அகலமான வெளிவாசல்களும் அப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகு வந்தவை. இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் மண்ணில், புல்லுக்கு அடியில் மணல் பரப்பிக் குழாய் பதித்து நீரை வடியவிடும் முறை பெரிய வரம். இவையெல்லாம் வேண்டும்.

என் மனத்தாங்கல் ஓடுதளத்தின் மேல்தான்.

கணக்கைப் பார்ப்போம். பன்னாட்டு ஆட்டங்களுக்கான பந்துக்களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வெளி ஏறத்தாழ 157 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். எட்டுத் தடங்கள், ஒவ்வொன்றும் 1.22 மீட்டர். கூட்டிக் கழித்தால், பக்கவாட்டில் டச் லைனுக்கும் ஓடுதளத்தின் வெளிவிளிம்புக்கும் இடையே 12 மீட்டர். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் 36 மீட்டர்! கேலரியின் முதல் படியே அதற்கு அப்பால்தான் தொடங்க முடியும். அங்கே உட்காருபவருக்கு எதிர்க் கோல் 141 மீட்டர் தொலைவு. 150 மீட்டருக்குள் பார்வை இருப்பது நல்லது, 190ஐத் தாண்டினால் பந்தே கண்ணுக்குப் பிடிபடாது என்பது அரங்கம் வரைபவர்கள் கைக்கொள்ளும் அளவு. பன்னிரண்டு படி ஏறினாலே அந்த 150 கடந்துபோகிறது.

மூலைகளில் நிலைமை வேறு. ஓடுதளம் வளையத் தொடங்கும் இடத்தில் கார்னர் கொடிக்கும் அதற்கும் நடுவே ஒரு மீட்டர்தான் கிடைக்கும். கார்னர் எடுக்கிறவன் செயற்கைத் தளத்தில் ஓடிவந்து, புல்லில் கால் ஊன்றி உதைக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு இடம் தேவைக்கு மேல் தள்ளிப்போகிறது, ஆடுகிறவனுக்கோ தேவையான இடம்கூட இல்லை.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடுதளத்துக்கு நடுவே நடக்கும் ஆட்டத்தைப் பாருங்கள். பிறகு நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்குமுள்ள தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களில் ஏதாவதொன்றில் ஒரு டூர்னமெண்ட் பாருங்கள். அங்கே சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே ஜனங்களின் கால்விரல்கள் இருக்கும். லைன்ஸ்மேன் கொடியால் அவர்களை விலக்கிக்கொண்டுதான் ஓடுவார். விங்கில் ஓடுகிறவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக் கத்துவது யார் என்றுகூடத் தெரியும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜை இந்தியன் சூப்பர் லீக் வரை அனுப்பிய கரை இது. அந்த நெருக்கத்தில்தான் நம் பையன்கள் அஞ்சாமல் ஆடப் பழகுகிறார்கள். அதைக் கலைத்துவிட்டுக் கட்டுவதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்கிறோம்.

கிரிக்கெட்டோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் மோசம். ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 59 மீட்டர் இருக்க வேண்டும். டச் லைனோ நடுவிலிருந்து 34 மீட்டர்தான். ஆக, 25 மீட்டர் வெறும் புல். நமக்குப் பக்கத்துக் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு அரங்கில் 2016 ஜனவரி 3 அன்று இந்தியா ஆப்கானிஸ்தானை 2–1 என வென்று தெற்காசியக் கோப்பையை எடுத்தது. அதன்பின் அந்த அரங்கம் கிரிக்கெட்டுக்காரர்களின் கைக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் பொது என்று கட்டினால் பணமுள்ள விளையாட்டுதான் கடைசியில் அங்கே குடியிருக்கும்.

வெளியூர்க்காரர்கள் இந்தப் பாடத்தைப் பெருஞ்செலவில் படித்தார்கள். 1990 உலகக் கோப்பைக்காக இத்தாலியின் டூரின் நகரில் ஓடுதளத்தோடு கட்டிய தெல்லே ஆல்பி அரங்கை இருபதாண்டு முடியுமுன்பே இடித்தார்கள். யுவெண்டஸ் அதே இடத்தில் 2011இல் கால்பந்துக்கு மட்டுமான அரங்கைத் திறந்தது. ஏறத்தாழ 69,000 பேர் கொண்ட இடத்தில் 41,000 பேருக்கு மட்டும் இருக்கை. தொலைவில் கிடக்கும் இருக்கைகளைவிடப் பக்கத்தில் நிறையும் இருக்கைகள் மேல் என்று முடிவெடுத்தார்கள். பாரீஸை ஒட்டிய ஸ்டாட் த பிரான்ஸில் கீழ்க் கேலரியை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள், உண்மைதான். அந்தச் செலவு நமக்குக் கட்டுபடியாகுமா?

இனி, இடம் மிச்சம் என்ற பேச்சு. ஓடுதளம் மட்டுமே 177க்கு 93 மீட்டர் கேட்கும். அது நான்கு ஏக்கருக்கு மேல். பந்துக்களத்தைச் சுற்றி நாற்புறமும் எட்டு, பத்து மீட்டர் விட்டாலும் இரண்டே முக்கால் ஏக்கர் போதும். சென்ட் கணக்கில் நிலம் விலைபேசும் நம் கடற்கரைப் பக்கம் இந்த வித்தியாசம் சின்னதா?

தடகள வீரர்களுக்கு நான் எதிரியில்லை. பந்தாட்டம் நடக்கையில் ஈட்டி எறிபவன் வெளியே காத்துக் கிடக்கிறான். அவன் எறியும் நேரத்தில் புல்தரை குழிகுழியாகிறது. இருவருக்கும் பொது என்பதில் இருவருமே வஞ்சிக்கப்படுகிறார்கள். தடகளத்துக்கு நாகர்கோவிலில் நல்ல களம் இருக்கட்டும், அதை இன்னும் செம்மையாக்கட்டும். தூத்தூர் வட்டாரத்துக்குக் கேட்பது வேறு: வடக்கு தெற்காக ஒரு புல்தரை, பிற்பகல் வெயில் கண்ணில் அடிக்காதபடி மேற்கே மட்டும் ஒரு கூரை, கோட்டிலிருந்து எட்டு மீட்டருக்குள் நாற்புறமும் பத்துப் படிக் கேலரி. கூரைக்கு அலங்கார வளைவு வேண்டாம், முகப்பில் கண்ணாடியும் வேண்டாம். வரைபடம் மேசைக்கு வரும்போது அதில் எட்டுத் தடங்கள் இருந்தால், ஊர்க் கமிட்டிக்காரர்கள் அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.