தேடற்கருவியும் யோக்யாநுபலப்தியும்

பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, வேண்டிய சொல் வருமிடங்களையெல்லாம் நொடியில் காட்டும் தேடற்கருவிகள் சரித்திர ஆராய்ச்சியாளர்க்குப் பேருபகாரமாய் அமைந்துள்ளன. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த ஏறத்தாழ 1,97,000 வழக்குகளின் அச்சிட்ட நடவடிக்கைகள் இவ்வாறு தேடத்தக்கனவாயின. இவ்வுபகாரத்தை மறுப்பார் இலர்.

ஆயினும், ‘தேடினோம், கிடைத்திலது, ஆகவே அக்காலத்தில் அது இல்லை’ என்று நிர்ணயிப்பது பொருந்தாது. பாட்ட மீமாம்ஸகர் அநுபலப்தியைத் தனிப் பிரமாணமாகக் கொண்டனர். விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் பிரமாணங்கள் மூன்றே. ஆனால், காணாமையைக் கொண்டு இன்மையைச் சொல்ல வேண்டுமாயின், அப்பொருள் இருந்தால் காணத்தக்க நிலை இருந்திருக்க வேண்டும் என்பதில் விவாதமில்லை. இருளறையில் குடம் தோன்றாமை குடமின்மையைச் சாதியாது.

பிரிட்டிஷ் லைப்ரரியிலுள்ள பர்னி தொகுப்பு 17, 18ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களால் ஆயது. பக்கங்களின் படத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கிற்று. 2009இல் வெளியான பரிசோதனையொன்றில், பொருள் சிறந்த சொற்களுள் 48.4 விழுக்காடே சரியாகப் படிக்கப்பட்டமை தெரியவந்தது. பாதிக்கு மேல் இருளிலேயே உள்ளது. அக்கால அச்சில் நெடிய ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும். ‘அதுவே’ எனப் பொருள்படும் ‘ஸேம்’, ‘புகழ்’ எனப் பொருள்படும் ‘ஃபேம்’ ஆகிவிடும். ஓல்ட் பெய்லி தொகுப்பிலோ 1834 வரையிலான பகுதியை இருவர் தனித்தனியே தட்டெழுத, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தினர். ஆகவே ‘கிடைத்திலது’ என்னும் ஒரே விடைக்கு இவ்விரண்டிடத்தும் ஒரே பலம் இல்லை.

ஏட்டுச்சுவடி கற்றார்க்கு இது புதிதன்று. ஏட்டில் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, காலும் ரகரமும் ஒன்றேபோல் தோன்றும். பதிப்பிப்பவர் முன்பின் நோக்கிப் பாடம் கொள்வர். மற்றொன்றையும் பாடபேதமாகக் குறிப்பர். கருவியோ ஒரு பாடத்தைக் கொண்டு, அதனையும் பெரும்பாலும் மறைத்து, பக்கத்தின் படத்தை மட்டுமே காட்டும். படத்தைக் காண்பவர் மூலத்தையே தேடியதாக மயங்குவர்.

பாடம் சுத்தமாயினும் வேறொரு குறை உண்டு. இக்காலச் சொல்லை இட்டுத் தேடினால், அக்காலத்தார் வேறு சொல்லால் வழங்கிய பொருள் அகப்படாது. அகப்பட்ட வரியும் ஸங்கதியற்றே வரும். அவதாரிகையின்றிப் பாசுரத்துக்குப் பொருள் கொள்வார் இல்லையே.

ஆதலின், கருவியால் ஆராய்வோர் எத்தொகுப்பில் எச்சொல் வடிவங்களைத் தேடினர், அத்தொகுப்பு எவ்வாறு எழுத்தாக்கப்பட்டது என்பவற்றைச் சொல்லியே முடிவுரைக்க வேண்டும். ‘உண்டு’ என்பதற்கு ஓரிடம் போதும். ‘இல்லை’ என்பதற்கு யோக்யதை வேண்டும்.