நகைச்சுவையே தடயம்: ‘தி யூனிகார்ன் அண்ட் தி வாஸ்ப்’ – ஒரு மறுபார்வை

கொலையாளி யாரென அறிந்தபின் துப்பறியும் கதையில் எஞ்சுவது யாது? பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரில் 2008ஆம் ஆண்டு மே 17 அன்று ஒளிபரப்பான, கேரத் ராபர்ட்ஸ் எழுதிய இப்பகுதி இவ்வினாவை ஆராய ஏற்றது. 1926இல் அகதா கிறிஸ்டி 11 நாள் காணாமற்போன நிகழ்வை அது மாளிகைக் கொலைக் கதையாகப் புனைகிறது.

பேராசிரியர் பீச் நூலகத்தில் ஈயக் குழாயால் அடித்துக் கொல்லப்படுவதை முதன்முறை காண்போர் ‘க்ளூடோ’ விளையாட்டின் பகடியாகவே கொள்வர். உரையாடலில் கிறிஸ்டி நாவல்களின் தலைப்புகள் இடம்பெறுவதும் அத்தகையதே. ஆனால் கொலையாளியான குளவி வடிவ வேற்றுக்கோள் உயிரி, எடிசன் சீமாட்டி கிறிஸ்டி நாவலைப் படித்தபோது அணிந்திருந்த மணிக்கல்லின் வழியே அந்நாவலின் போக்கை உள்வாங்கியிருந்தது என்பது பின்னர்த் தெளிவாகிறது. எனவே மறுமுறை காண்கையில் தேய்ந்த மரபுகளே தடயங்களாகின்றன. பகடி கதைக்குப் புறத்தே நிற்கவில்லை.

எனினும் இந்நகைச்சுவை எல்லா இறப்புகளையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. சீமாட்டியின் மகன் ரோஜர் கொலையுண்டபின், அவனுடைய காதலனான பணியாளன் டேவன்போர்ட் வெளிப்படையாகத் துக்கம் காக்கவும் இயலாததை டாக்டரின் தோழி டோனா சுட்டுகிறாள். அங்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. சீமாட்டியின் மறைபொருளை அறிந்த பணிப்பெண் சந்திரகலா இறக்கும்போதோ, அவருடைய இறுதிச் சொற்கள் தடயமாகின்றன. உடனே குளவியைத் துரத்தும் காட்சி தொடங்கிவிடுகிறது.

புதிர் அவிழ்ந்தபின் நடைபெறும் மறுபார்வை, யார் கொன்றார் என்பதைவிட யாருக்காகக் கதை துயருறுகிறது என்பதையே வினவுகிறது.