வெசூவியஸ் கண்ட மூவர்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து காலையில் புறப்பட்டால், வெசூவியஸ் எரிமலையின் வாயைக் கண்டுவிட்டு அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடலாம். கி.பி. 79-இல் பொம்பெய், எர்குலேனியம் ஆகிய நகரங்களைப் புதைத்த மலை அது. உயரம் ஏறத்தாழ 1,280 மீட்டர். அங்குப் போய் வந்தோர் எழுதி வைத்த ஏடுகள் ஏராளம். புகை, நெருப்பு, நடுக்கம், வியப்பு ஆகியவற்றோடு அவற்றுள் பல முடிந்துவிடுகின்றன. வேறுபட்டு நிற்கும் மூவரை இங்கு எடைபோட்டுப் பார்ப்போம்.

செர்மானியக் கவிஞர் கோதே 1787 மார்ச்சு மாதத்தில் மும்முறை இம்மலை ஏறினார். அவரது 'இத்தாலியப் பயணம்' நூலில் நம்மைக் கவர்வது அவருடைய கணக்கிடும் கண். மலைவாய் கற்களை வீசும் இடைவெளியை அளந்து, அந்தச் சிறு பொழுதுக்குள் வழிகாட்டியுடன் விளிம்புவரை ஓடிப் பார்க்கிறார். உடன் வந்த ஓவியர் டிஷ்பைனுக்கோ உருவமற்ற அந்தக் குவியல் பிடிக்கவில்லை. அதனையும் மறைக்காமல் எழுதுகிறார். தம் வியப்பைப் பிறர்மேல் திணிக்காத இந்த நேர்மை பயண இலக்கியத்தில் அரிது.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1845-இல் ஏறினார். மறு ஆண்டில் 'இத்தாலியக் காட்சிகள்' வெளிவந்தது. பனி உறைந்த சரிவு, நிலவொளி, பல்லக்கில் தூக்கிச் செல்லப்படும் பெண்கள் என யாவும் கண்முன் நடப்பன போலவே தோன்றுகின்றன. எழுத்தின் வேகத்தில் அவரை மிஞ்சுவார் இல்லை. ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. தூக்கிச் செல்லும் கூலியாட்கள் அவருக்குப் பெரும்பாலும் நகைப்புக்குரிய கூச்சற்கூட்டமே. இலண்டன் ஏழைகளின் வீட்டுக்குள் புகுந்து பார்த்த பேனா, இவர்களின் குடிசை வாசலில் ஏன் நின்றுவிட்டது? ஒரு நாள் விருந்தாளிக்கு அதற்குப் பொழுதில்லை என்பதே விடை போலும்.

இத்தாலியக் கவிஞர் லெயோபார்டி மலையடிவாரத்தில் தொர்ரே தெல் கிரேக்கோ அருகே தங்கியவர். 1836-இல் அவர் இயற்றிய நெடும்பாட்டு, இறுகிய எரிகுழம்பின்மேல் பூக்கும் ஒரு மஞ்சட்பூச் செடியைப் பற்றியது. அதில் வரும் உழவன் இரவில் உறங்காமல் மலையைப் பார்க்கிறான். கிணற்று நீர் கொதிக்கும் ஓசை கேட்டால் மனைவி மக்களை எழுப்பிக்கொண்டு ஓடுகிறான். இயற்கையைப் பகையாகக் காணும் கவிஞரின் கொள்கையை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் அந்த உழவனின் குடும்பத்தை மறக்க நம்மால் இயலவில்லை. மலை யாருக்கு வேடிக்கை, யாருக்கு வாழ்வு என்பதை அவன் ஒருவனே நமக்கு உணர்த்துகிறான்.

வெசூவியஸ் கடைசியாகச் சீறியது 1944-இல். சான் செபாஸ்தியானோ ஊரின் பெரும்பகுதி அப்போது எரிகுழம்பில் அழிந்தது. இன்று பேருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம்வரை செல்கிறது. எஞ்சியதை நடந்து ஏறிவிடலாம். அபாய வட்டத்துக்குள்ளோ ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். இனி அம்மலையைப் பற்றி எழுதப் புகுவோர் கோதேயின் அளவுகோலையும் டிக்கன்சின் வேகத்தையும் கைக்கொள்ளட்டும். இறங்கி வரும் வழியில் அடிவாரத்து வீடொன்றின் கதவையும் தட்டட்டும். அப்படி எழுதப்படும் நூலையே நாம் நம் பிள்ளைகளின் கையில் மனநிறைவோடு கொடுப்போம்.